கண்ணாடி மண்டபத்தில் வழிவிட்டவன்

விடிவதற்குள் கண்ணாடி வியர்த்திருக்கும். ஆகஸ்ட் மாதத்து தோஹா அப்படித்தான். கடல் ஈரம் இன்னும் சன்னல் அடைக்காத மண்டபத்துக்குள் நுழைந்து, சாத்திவைத்த கண்ணாடிகளின்மேல் பொடிப்பொடியாய் நிற்கும். முதல் வேலை அதைத் துடைப்பது. துடைக்காமல், கண்ணாடியை உறிஞ்சிப் பிடிக்கும் ரப்பர்க் கவ்வியை வைத்தால் பிடிக்காது. பிடித்த மாதிரி காட்டி, இடுப்புக்குமேல் தூக்கியதும் வழுக்கும். ஆளுக்கு இரண்டு கவ்வி, கண்ணாடிக்கு ஆறு பேர். "ஏக், தோ, உட்டாவ்" என்று சித்தீக் பாய் குரல் கொடுப்பார். தூக்குவோம். பாரம் முதுகுத்தண்டு வழியாக இறங்கிக் குதிகாலில் போய் நிற்கும். சாரத்தில் ஏறும்போது எவனும் மூச்சு விடமாட்டான். விட்டால் ஈரம் கண்ணாடியில் படிந்து கவ்வி வழுக்கும்.

பொருத்தியதும் குறுக்கே சுண்ணாம்புக் கட்டியால் ஒரு பெரிய பெருக்கல் குறி போடுவோம். கண்ணாடி வேலைக்காரன் எந்த ஊர்க்காரனானாலும் இதைச் செய்வான். குறி போட்டால்தான் அங்கே கண்ணாடி இருப்பது கண்ணுக்குத் தெரியும். இல்லாவிட்டால் அந்தப் பக்கம் இன்னொரு மண்டபம் இருக்கிறது என்றுதான் தோன்றும்.

அது கல்யாண மண்டபம். ஒரு பக்கம் பதினேழு வளைவுச் சன்னல், எதிர்ப்பக்கம் பதினேழு வளைவுக் கண்ணாடி, இரு கோடியிலும் சுவர் நிறையக் கண்ணாடி; எல்லாமே முகம் பார்க்கிற கண்ணாடி. முதலாளி பிரான்சில் ஒரு பழைய அரண்மனையைப் பார்த்துவிட்டு வந்து, அதே மாதிரி வேண்டும் என்று சொல்லிவிட்டாராம். சைட் ஆபீஸ் சுவரில் அந்த அரண்மனை மண்டபத்தின் படம் ஒட்டியிருந்தது. படம் நிறைய பட்டாளத்துக்காரர்கள் பளபளக்கும் பூட்ஸ் போட்டு வாளைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள். மேடைமேல் வெள்ளைத் தாடிக் கிழவர் ஒருவர்.

"கல்யாணத்துக்கு எதுக்கு சார் கத்தி?" என்று எங்கள் ஆறு பேரில் ஒருவனான ஐயப்பன்தான் ஒரு நாள் கேட்டான்.

மானேஜர் ரகுநாதன் அன்றைக்கு நல்ல மனநிலையில் இருந்தார். மெட்ராஸ்காரர், படித்தவர், தோஹாவிலேயே நஜ்மா பகுதியில் குடும்பத்தோடு இருப்பவர். "கல்யாணம் இல்லப்பா. ஜெர்மனிக்காரன் பிரான்சைத் தோக்கடிச்சு, பிரான்ஸ் ராஜா அரண்மனையிலயே நின்னு தன்னைச் சக்கரவர்த்தின்னு அறிவிச்சுக்கிட்டான். ஆயிரத்து எண்ணூத்தி எழுபத்தொண்ணு. சின்னச் சின்ன ராஜ்ஜியமாக் கெடந்ததை எல்லாம் ஒண்ணாக்கி, உலகமே பயப்படுற மாதிரி நின்னாங்க. எப்படி? டிசிப்ளின். மேல இருக்கறவன் சொன்னா கீழ இருக்கறவன் கேப்பான். அவ்வளவுதான்."

"அடுத்தவன் ஊட்டுல போயி மகுடம் கட்டிக்கிட்டானா" என்று கூட வேலை செய்யும் நாகலிங்கம் என் காதருகே முனகினான். "கூச்சநாச்சமே கெடையாதா?"

எனக்கு அந்தத் தாடிக்காரர் கதை முழுக்கத் தெரிய வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. எழுத்து எனக்கு மூன்று வருஷப் பழக்கம்தான். நாற்பது வயதுவரை கைநாட்டு. என் பெண்டாட்டி வீரம்மாள் கல்குவாரியில் ஜல்லி உடைத்துக்கொண்டே அறிவொளி வகுப்புக்குப் போய்ப் படித்தவள். நான் லீவில் போயிருந்த இரண்டு மாதத்தில், மகளுடைய பழைய சிலேட்டைப் பிடித்து எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். அதற்குமுன் அவள் எழுதியதை எல்லாம் அடுத்தவன் வாயால் கேட்டவன் நான். சில வரிகளைப் படிக்கிறவன் விழுங்கிவிடுவான் என்பதுகூட அப்போது தெரியாது.

அவளுக்கு எழுதினேன். மகள் அகிலா படித்து முடித்த வரலாற்றுப் புத்தகத்தை லீவு முடிந்து வந்த நாகலிங்கத்திடம் கொடுத்துவிட்டாள். நார்த்தங்காய் ஊறுகாயோடு சேர்த்துக் கட்டியதில் புத்தகம் எண்ணெய் குடித்திருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் தொழில்பேட்டையில் கம்பெனி எங்களைத் தங்கவைத்த கேம்ப் ரூமில் அதை எழுத்துக்கூட்டி வாசிப்பேன். கேட்க ஐயப்பனும் நாகலிங்கமும் இருப்பார்கள். பங்களாதேஷ்காரரான சித்தீக் பாய்க்கு எங்களுக்குத் தெரிந்த இந்தியில் சொல்லுவோம். பிஸ்மார்க் என்ற மந்திரி, இரும்பாலும் ரத்தத்தாலும்தான் காரியம் நடக்கும் என்று சொன்ன இடத்தில் அகிலா பென்சிலால் கோடிழுத்து "முக்கியம்" என்று எழுதியிருந்தாள்.

"ரத்தம் யாரோடது அண்ணே?" என்று ஐயப்பன் கேட்டான். புத்தகத்தில் அது இல்லை.

புதன்கிழமை காலை முதலாளி மண்டபம் பார்க்க வருகிறார் என்றார்கள். போட்டோக்காரரும் கூட வருகிறாராம். ஃபோர்மேன் கோபாலசாமி விடியற்காலையிலேயே எல்லாக் கண்ணாடியிலும் இருந்த சுண்ணாம்புக் குறியைத் துடைக்கச் சொன்னார்.

"மேல ஆளு இருக்கு ஃபோர்மேன்" என்றேன்.

"மானேஜர் ஆர்டர். படத்துல குறி தெரியக் கூடாதாம். யல்லா, துடைங்க."

துடைத்தோம். நானும்தான் துடைத்தேன். கண்ணாடி தூக்க இடைஞ்சலாக இருக்கிறதென்று சாரத்தின் கைப்பிடிக் கம்பியை முந்தின நாளே கழற்றியிருந்தார்கள். இடுப்பில் கட்டும் பாதுகாப்புக் கயிறு மாட்ட அந்தக் கம்பியை விட்டால் வேறு இடம் இல்லை. வெயில் ஏறியது. பதினேழு சன்னல் வெளிச்சமும் பதினேழு கண்ணாடியில் திரும்பி விழுந்ததில் மண்டபத்துக்கு எல்லையே இல்லாமல் போயிற்று.

ஐயப்பன் தோளில் ஒரு நீளச் சட்டத்தை வைத்துக்கொண்டு சாரப் பலகையில் கோடிச் சுவரைப் பார்த்து நடந்தான். பலகை ஒரு ஆள் போகிற அகலம். எங்களுக்கெல்லாம் ஒரே நீல உடுப்பு, ஒரே மஞ்சள் தொப்பி. தூசிக்காக முகத்தில் துண்டு சுற்றியிருப்போம். கண் மட்டும்தான் வெளியே. எதிரே அதே பலகையில், அதே நீல உடுப்பில், தோளில் சட்டத்தோடு ஒருவன் வந்தான். பாரத்தோடு வருகிறவனுக்கு வழிவிடுவது எங்கள் வழக்கம். ஐயப்பன் ஒதுங்கினான்.

இருபது அடி. கீழே சிமெண்டுத் தரை.

நான் ஓடிப்போய்க் குனிந்தபோது அவன் கண் திறந்துதான் இருந்தது. "எதுத்தாப்புல வந்தவன் விழலையே அண்ணே?" என்று கேட்டான். எதிரில் வந்தது கண்ணாடிக்குள் தெரிந்த அவனேதான். "இல்லடா, வேற யாரும் விழல" என்றேன்.

வியாழன் சாயங்காலம் மானேஜர் கேம்ப் சாப்பாட்டுக் கூடத்துக்கு வந்தார். கையில் இங்கிலீஷில் அடித்த ஒரு காகிதம். கண்ணாடி தூக்கிய ஆறு பேரில் மிச்சம் ஐந்து பேரை உட்காரவைத்தார்.

"ஃபார்மாலிட்டிதான். கயிறு மாட்டாம, மொபைல்ல பேசிக்கிட்டே நடந்து விழுந்தான்னு எழுதியிருக்கு. நேர்ல பாத்தவங்க நீங்க. கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க."

"அவங்கிட்ட மொபைலே இல்லயே சார்" என்றேன்.

"அது உனக்கும் எனக்கும்தானே தெரியும்?"

"போட்டா என்ன ஆவும் சார்?"

"அவன் தப்புன்னு ஆயிட்டா கம்பெனிக்கு ஆஸ்பத்திரித் தொல்லை இல்ல. சனிக்கிழமை மத்தியானம் ஃப்ளைட். ஊர்ல போயி அவங்க ஆளுங்க பாத்துக்கட்டும்."

"முதுகெலும்பு ரெண்டு எடத்துல போயிருக்கு சார். ஆறு வாரம் நிமித்தி உக்கார வைக்கவே கூடாதுன்னு மலையாளத்து நர்சு சொன்னாங்க. ஃப்ளைட்டுல எப்படி உக்காருவான்?"

அவர் பேனாவைத் திறந்து என் பக்கம் நீட்டினார். "ரெங்கராஜ், நீதான் படிச்ச ஆளாயிட்டியே. நீ முதல்ல போடு. மத்தவங்க கைநாட்டு வைப்பாங்க."

என் பெயரை நான் எழுதக் கற்றது இதற்குத்தானா என்று இருந்தது. பேனாவைத் தொடவில்லை. மறுக்கவும் துணியவில்லை. "சனிக்கிழமை சொல்றோம் சார்" என்றேன். சொல்லும்போதே போடத்தான் போகிறோம் என்று தோன்றியது. பாஸ்போர்ட் அவரிடம். விசா அவர் கையெழுத்தில். ஊரில் பெண் காலேஜ் சேர்ந்திருக்கிறாள். ஐந்து பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ரூமுக்குப் போனோம்.

வெள்ளிக்கிழமை ஐயப்பனைப் பார்த்துவிட்டு வந்தோம். கட்டிலோடு பட்டை போட்டுக் கட்டியிருந்தார்கள். கால் விரலை அசைக்கச் சொன்னேன். அசைத்துவிட்டதாகத்தான் அவன் நினைத்தான்.

ரூமுக்குத் திரும்பினோம். ஏசி இரைந்துகொண்டிருந்தது. வேறு செய்ய ஒன்றும் இல்லாமல் புத்தகத்தை எடுத்தேன். கடைசிப் பக்கம்தான் பாக்கி. சக்கரவர்த்தி ஆன கதைக்கு நாலு பக்கம்; போன கதைக்கு ஏழு வரி. அந்த ஏழு வரியில் அகிலா எதற்குமே "முக்கியம்" போடவில்லை.

"ஜெர்மனியின் கீல் து-றை-முகத்தில் மா-லுமிகள் கட்டளையை ஏற்க மறுத்தனர். தொழிலாளர் அவர்களுடன் சேர்ந்தனர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினெட்டு நவம்பரில் கெய்சர் முடி துறந்து ஹாலந்துக்குத் தப்பினார்."

"கெய்சருன்னா?" என்றான் நாகலிங்கம்.

"அந்தத் தாடிக்காரரோட பேரன். சக்கரவர்த்திக்கு அவங்க பாஷையில அதான் பேரு."

"தப்பினானா? பாஸ்போர்ட்டு அவங்கிட்டயே இருந்திருக்கும்."

சித்தீக் பாய்க்குச் சொன்னோம். சிரித்தார். பிறகு, மாலுமிகள் என்ன செய்தார்கள், ஆபீசரை அடித்தார்களா என்று கேட்டார். நான் அந்த வரியை இன்னொரு தடவை வாசித்தேன். மறுத்தனர் என்று மட்டும்தான் இருந்தது.

நாகலிங்கம் ரைஸ்மில் பாய்லரில் எட்டு வருஷம் உமி தள்ளியவன். யோசித்துவிட்டுச் சொன்னான்: "அடிக்கவே வேணாம். அந்தக் காலத்துக் கப்பலு கரி அடுப்புல ஓடுறது. அடுப்புத் தள்ளுறவன் நெருப்பை வாரி வெளியில கொட்டிட்டா ஆவி இறங்கிரும். மேல நிக்கிற ஆபீசரு என்ன கத்துனாலும் கப்பலு நகராது. எங்க மில்லுலயும் அப்படித்தான். ஒரு நாளு பாய்லர்க்காரனுக்குக் காய்ச்சல் வந்துட்டா முதலாளி விசிறியோட உக்காந்திருப்பான்."

"அவங்களைச் சுட்டுருப்பாங்கல்ல?" என்றேன்.

"சுட்டுருப்பாங்க. போட்டிருக்கா?"

போடவில்லை. எத்தனை பேர் ஜெயிலுக்குப் போனார்கள், எத்தனை வீட்டில் உலை வைக்கவில்லை, எதுவும் போடவில்லை. புத்தகத்தை மூடினேன். நாற்பத்தேழு வருஷம் உலகத்தையே மிரட்டிய ஒன்று சாயக் கடைசியில் பேர் இல்லாத சிலர் மாட்டேன் என்று சொல்ல வேண்டியிருந்திருக்கிறது. ஆனால் அவர்கள் சொன்னது முதல் உலக யுத்தத்தில் லட்சக்கணக்கில் செத்த பிறகு. நாங்கள் ஐந்து பேர். எங்களுக்குக் கப்பலும் இல்லை.

"பாய்" என்று என்னைக் கூப்பிட்டார் சித்தீக், "நான் கைநாட்டு வைக்க மாட்டேன். எதிரில் வந்தது நானாக இருந்திருந்தாலும் அவன் அப்படித்தான் ஒதுங்கியிருப்பான்."

பாய் அவ்வளவுதான் சொன்னார். சாயங்காலத்துக்குள் அந்த வார்த்தை எல்லா ரூமுக்கும் போய்விட்டது. யாரும் கூட்டம் போடவில்லை. டீ வாங்க வந்தவன் சொல்லிவிட்டுப் போனான், துணி காயப்போட வந்தவன் கேட்டுவிட்டுப் போனான்.

சனிக்கிழமை விடியற்காலை நாலரை மணிக்குப் பஸ் வந்து ஹார்ன் அடித்தது. நாங்கள் ஐந்து பேரும் ஏறாமல் கேட் ஓரம் மண்ணில் உட்கார்ந்தோம். பெயிண்டர்கள் சிலர் பஸ் படியில் கால் வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார்கள். இறங்கி வந்து உட்கார்ந்தார்கள். பிறகு சாரம் கட்டுகிறவர்கள். ஐம்பது பேர் இருக்கும். இன்னும் ஒரு கூட்டம் சுவரோரம் நின்றது; உட்காரவும் இல்லை, ஏறவும் இல்லை.

ஆறு மணிக்கு மானேஜர் கார் வந்தது. பின்னாலேயே போலீஸ் ஜீப் ஒன்று வந்து தூரத்தில் நின்றது.

"என்ன ரெங்கராஜ், புதுப் பழக்கம்?"

"கால் வலிக்குது சார்."

"அம்பது பேருக்கும் ஒரே நேரத்துல வலிக்குதா?"

"ஒரே வேலைதானே சார் பாக்குறோம்" என்றான் நாகலிங்கம்.

"இந்த நாட்டுல ஸ்ட்ரைக்கெல்லாம் கிடையாது, தெரியுமில்ல? ஒரு போன் போட்டேன்னா மத்தியான ஃப்ளைட்ல அத்தனை பேரும் ஊருக்குத்தான்."

"அப்பச் சரி. எங்களுக்கே ஃப்ளைட்டு நெறஞ்சிரும். ஐயப்பனுக்கு எடம் இருக்காது" என்றான் நாகலிங்கம்.

அவர் முகம் கறுத்தது. ஃபோர்மேன் பக்கம் திரும்பினார். "கோபாலசாமி, நீயும் அங்கதானே இருந்தே? நீ போடு. உன் ஒரு கையெழுத்து போதும்."

கோபாலசாமி காகிதத்தை வாங்கினார். பதினாறு வருஷக் கம்பெனி ஆள். எங்களை ஒரு நாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. காகிதத்தை நெடுநேரம் பார்த்தார்.

"குறியத் துடைக்கச் சொன்னது நான் சார். நானே எப்படி சாட்சி போடுறது?"

"யோவ், நான் சொல்லித்தானே நீ சொன்னே?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே தெரிந்தது. ஐம்பது பேரும் கேட்டிருந்தோம். கோபாலசாமி காகிதத்தைக் காரின் பானட்டில் வைத்துவிட்டு, எங்களோடு உட்காராமல், பஸ்ஸோரம் தனியாகப் போய்த் தலை குனிந்து நின்றார்.

மானேஜர் காருக்குள் உட்கார்ந்து போனில் பேசினார். ஜீப் நகரவில்லை. எட்டு மணி வெயில் பிடரியில் ஏறியது. பக்கத்துக் கேம்ப் பஸ்கள் எங்களைத் தாண்டிப் போயின. என்ன நடக்கும் என்று எங்களுக்குத் தெரியாது. அடுத்த வாரம் எவன் எந்த நாட்டில் இருப்பான் என்றும் தெரியாது.

பதினொரு மணிக்கு சித்தீக் பாயின் மொபைல் அடித்தது. நர்சம்மா போனிலிருந்து ஐயப்பன். பாய் என்னிடம் கொடுத்தார்.

"அண்ணே, கம்பெனி ஆளுங்க சக்கர நாற்காலி கொண்டாந்தாங்க. சட்டையெல்லாம் மாட்டி விட்டாங்க. அப்புறம் யாரோ போன் போட்டாங்க போல. பேப்பர் ரெடியாகலயாம். நாளைக்கு வர்றோம்னு போயிட்டாங்க. என்னண்ணே நடக்குது அங்க?"

"ஒண்ணும் நடக்கலடா. எல்லாரும் உக்காந்திருக்கோம்."

கூட்டம் என் வாயையே பார்த்தது. நாளைக்கு வருவார்களாம் என்று சொன்னேன். யாரும் கை தட்டவில்லை. கிடைத்தது ஒரே ஒரு நாள். சுவரோரம் அதுவரை நின்றிருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து, எங்களுக்குப் பின்னால் சூடு ஏறிய மண்ணைக் கையால் தள்ளிவிட்டு உட்கார்ந்தார்கள்.