ஏழாம் நம்பர்ச் சீட்டு

நீலச் சட்டை முன்னால் போய்க்கொண்டே இருக்கிறது, சங்கரன்கோவில் ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டம், நான் என்னங்க என்னங்க என்று கத்திக்கொண்டு பின்னால் ஓடுகிறேன், பலூன்காரர் திரும்புகிறார், கரும்புச்சாறு குடித்துக்கொண்டிருந்த போலீஸ்காரர் திரும்புகிறார், ஊரில் உள்ள வீட்டுக்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கிறார்கள், என் வீட்டுக்காரர் மட்டும் திரும்பவில்லை, கல்யாணமாகி ஆறாவது மாதம் அது, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருந்தால் ஒரே சத்தத்தில் நின்றிருப்பார், ஆனால் புருஷன் பெயரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள், நான் ஊரறிந்த வாயாடி, இந்த ஒன்றில் மட்டும் வாயைக் கட்டிக்கொண்டேன், முப்பத்தொரு வருஷம், பஸ் கண்டக்டரிடம்கூடக் குற்றாலம் என்று சொல்ல மாட்டேன், அவர் பெயரில் பாதி அந்த ஊர், அருவிக்கு ரெண்டு டிக்கெட் என்பேன், எந்த அருவிம்மா என்பார் கண்டக்டர், இவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரிப்பார்.

அதே நீலம் இப்போது என் மூக்குக்கு நேரே ஒரு முழ தூரத்தில், சின்னத் திரையில் நிற்கிறது, அன்றைய சட்டை இல்லை, அதற்குப் பிறகு வாங்கிய எத்தனையாவது நீலமோ, மதுரை ஆஸ்பத்திரியில் நான் ஒருக்களித்துப் படுத்திருக்கிறேன், தலையை அசைக்க முடியாதபடி பூட்டி வைத்திருக்கிறார்கள், துணிக்கு அந்தப் பக்கம் என் மண்டையைத் திறந்து டாக்டர் முபாரக் நிற்கிறார், நான் முழித்துக்கொண்டிருக்கிறேன், வலி இல்லை, தோலுக்குத்தான் வலியாம், மூளைக்கு வலி தெரியாதாம், நம்மை இந்தப் பாடு படுத்துகிற மூளைக்கு அது மட்டும் தெரியாது பாருங்கள், எல்லாம் ஆரம்பித்தது அங்கன்வாடியில், நான் டீச்சர், காலையில் இருபத்தெட்டுப் பிள்ளைகளின் பெயரையும் பார்க்காமல் கூப்பிடுகிறவள், அன்றைக்குப் பதினோராவது பிள்ளையின் பெயர் வரவில்லை, வாய் கோணிக்கொண்டது, வலது கை தானாக ஆடியது, ஸ்கேன் எடுத்தால் இடது பக்கம் ஒரு கட்டி, பேச்சு உண்டாகிற இடத்துக்கு ஒட்டுனாப்ல இருக்கும்மா, எல்லாருக்கும் அந்த இடம் ஒரே மாதிரி இருக்காது, ஒவ்வொரு தலையிலயும் தேடித்தான் கண்டுபிடிக்கணும், லேசா கரண்ட் வெச்சுத் தொடுவேன், தொடும்போது வார்த்தை நின்னுட்டா அங்க கத்தி வைக்க மாட்டேன், வார்த்தை வந்தா தைரியமா எடுப்பேன், நீங்க பேசிக்கிட்டே இருக்கணும் என்றார் டாக்டர், பேசுறதுக்குத்தான் எனக்குச் சம்பளமே டாக்டர் என்றேன், பக்கத்தில் இருந்த இவர் அன்று சிரிக்கவில்லை, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார், பேச்சு போய்விட்டால் நான் வேறு யாரோ ஆகிவிடுவேன் என்பது அவருக்கும் தெரியும்.

திரைக்குப் பக்கத்தில் பிரிசில்லா, பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண், வேலைக்கு வந்து இரண்டு மாதம்தான், இது என்னம்மா என்று கேட்கிறாள், நான் பிள்ளைகளுக்குப் படம் காட்டிக் கேட்கிற அதே இழுப்பு, குடை என்கிறேன், பூட்டு என்கிறேன், வாத்து என்கிறேன், டாக்டர் கரண்ட் வைத்துத் தொட்ட இடங்களில் அடையாளத்துக்கு நகம் அளவு நம்பர்ச் சீட்டுகள் வைக்கிறாராம், நாலாம் நம்பர் இடத்தைத் தொடும்போது ஒரு படம் வருகிறது, தினமும் வண்ணத்தாள் வெட்டுகிற சாமான், அதன் வளையத்தில் என் விரல் நுழைவதுகூடத் தெரிகிறது, பெயர் மட்டும் இல்லை, நாக்கு இருக்கிறது, மூச்சு இருக்கிறது, அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை, அவ்வளவு பயம் நான் பட்டதில்லை, கரண்டை எடுத்ததும் கத்தரிக்கோல் கத்தரிக்கோல் என்று கொட்டினேன், டாக்டருக்குச் சந்தோஷம், இதாம்மா நாங்க தேடுன இடம் என்றார். அப்புறம் வீட்டுப் படங்கள் வந்தன, தெரிஞ்ச மூஞ்சியா இருந்தா அம்மா பயப்பட மாட்டா என்று என் மகள் செண்பகம் நேற்று சாயங்காலம் கடைசி நேரத்தில் கொடுத்தவை, அவற்றுக்கு எனக்குப் பெயர் வருகிறதா என்று முன்கூட்டி ஒருமுறைகூடக் கேட்டுப் பார்க்காமலே சேர்த்துவிட்டாள் பிரிசில்லா, செண்பகம் என்கிறேன், பேரன் ஆதவன் என்கிறேன், அடுத்தது நீலச் சட்டை, பேர் சொல்லுங்கம்மா, என் வாய் தானாக மூடிக்கொண்டது, பழக்கம், கரண்ட் வைத்துத் தொட்டுக்கொண்டிருந்த டாக்டர், வார்த்தை நின்னுடுச்சு என்றார், ஏழாம் நம்பர்ச் சீட்டை அங்கே வைத்தார், இன்னொரு சுற்று வந்து அதே இடத்தைத் தொட்டபோது வரிசை மாறாமல் அதே படம், பேர் சொல்லுங்கம்மா, மறுபடியும் வாய் திறக்கவில்லை.

துணிக்கு அந்தப் பக்கம் டாக்டர் யாரிடமோ மெதுவாகச் சொன்னார், கட்டியோட மிச்சம் இந்த ஏழாம் நம்பருக்குக் கீழதான் இருக்கு, மூணாவது தடவையும் நின்னா விட்டுருவோம், பேச்சுதான் முக்கியம், கட்டி அப்புறம் வளந்தா வளரட்டும். ஐயோ, கரண்ட் இல்லை டாக்டர், நான்தான் சொல்லவில்லை என்று கத்த வாயெடுத்தேன், அந்த நொடியில்தான் அந்தச் சந்தேகம் வந்தது, நானா சொல்லவில்லை, நிஜமாகவா, கத்தரிக்கோல் போன மாதிரி இதுவும் போயிருந்தால் எனக்கு எப்படித் தெரியும், ஒருநாளும் எடுத்துப் பார்க்காத பெட்டிக்குள் நகை இருக்கிறதா என்று யாருக்குத் தெரியும், முப்பத்தொரு வருஷம் சொல்லாமல் இருந்தேனே, சொல்ல முடியும் என்ற தைரியத்தில்தானே சொல்லாமல் இருந்தேன், அவர் ஆயுசை நினைக்கவில்லை என்றால் பொய், நினைத்தேன், அம்மாவின் முகம் வந்தது, ஆனால் என் தலைக்குள் அவர் பெயர் இல்லாமல் நான் எழுந்து அவர் முன்னால் போய் நிற்பதை நினைத்தபோது அதைவிடப் பயமாக இருந்தது, கரண்ட் குடுக்கிறேன் என்றார் டாக்டர், நீலச் சட்டை வந்தது, இவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்கிறார், பேர் சொல்லுங்கம்மா, குத்தாலிங்கம் என்றேன், எனக்கே கேட்காத குரலில், பிறகு கேட்கிற மாதிரி, குத்தாலிங்கம், பிறகு நிறுத்தவே முடியவில்லை, குத்தாலிங்கம், எங்க வீட்டுக்காரர் குத்தாலிங்கம், என் குத்தாலிங்கம், கண்ணீர் மூக்கின் மேலே குறுக்காக ஓடுகிறது, கையைத் தூக்கித் துடைக்கவும் முடியாது, பிரிசில்லா துடைத்துவிட்டாள், போதும்மா போதும், அதான் வருதே, அப்புறம் ஏம்மா ரெண்டு தடவை சொல்லல என்றார் டாக்டர், புருஷன் பேரை எப்படி டாக்டர் சொல்லுறது என்றேன், அந்த அறையே சிரித்தது, டாக்டர் சிரித்து முடித்து, எங்கம்மாவும் இப்படித்தான், எனக்குத் தோணியிருக்கணும் என்றார், அதே இடத்தைத் தொட்டு வேறு மூன்று படம் காட்டி மூன்றும் வந்த பிறகு, ஏழாம் நம்பரை எடுத்துருங்க, அங்க கத்தி வைக்கலாம் என்றார்.

கட்டியை முழுசாக எடுத்துவிட்டார்கள், என்னெல்லாம் கேட்டாங்க என்று வார்டில் இவர் கேட்டார், குடை பூட்டு வாத்து என்றேன், மிச்சத்தைச் சொல்லவில்லை, மறுபடி அங்கன்வாடி, இருபத்தெட்டுப் பெயர், சில நாள் ஒரு வார்த்தை லேட்டாக வரும், வரட்டும், இருந்து வாங்கிக்கொள்வேன், இவருக்கு ஆயுசு ஒன்றும் குறையவில்லை, சர்க்கரை அளவுதான் குறைந்திருக்கிறது, எட்டு மாதம் ஓடிவிட்டது, ஆடித்தபசு, சங்கரன்கோவிலில் அதே கூட்டம், பலூன், கரும்புச்சாறு, நீலச் சட்டை அது பாட்டுக்கு முன்னால் போய்க்கொண்டே இருக்கிறது, மனிதர் இன்றைக்கும் திரும்பிப் பார்த்து நடக்கப் பழகவில்லை, நான் ஓடவில்லை, நின்ற இடத்தில் மூச்சை இழுத்துக் கூப்பிட்டேன், குத்தாலிங்கம், ஒரே ஒரு ஆள் திரும்பினார், கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தார், ஆனால் என் தலைக்கு மேலாக எட்டி எட்டி யாரையோ தேடுகிறார், ஏட்டி, யாரோ எம்பேரைச் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு, ஒனக்குக் கேட்டுச்சா என்றார், கேட்டுச்சுங்க, இன்னொரு மட்டம் கூப்பிடச் சொல்லட்டுமா என்றேன்.