தம்பிஐயா பேரம் பேசாத நாள்

மருதனார்மடம் சந்தையில் நாற்பது வருடம் வாழைக்குலை விற்ற தம்பிஐயாவின் முகத்தைப் பார்த்து அவர் மனதிலிருக்கும் விலையைக் கண்டுபிடித்தவர் எவருமில்லை. குலை பழுத்து உதிர்ந்தாலும் சரி, கொழும்பு லொறி வாசலில் நின்று கத்தினாலும் சரி, மனிதர் அம்மிக்கல் மாதிரி இருப்பார். பார்க்கின்சன் வருத்தம் வந்து கையை நடுங்கவைத்தது, காலைத் தரையோடு ஒட்டவைத்தது. முகத்தையும் இறுக்கியதுதான், ஆனால் அங்கே அதற்குப் பெரிதாக வேலை இருக்கவில்லை.

பேரம் மட்டும் நிற்கவில்லை. மகள் தயாளினி நாலு இடியப்பம் வைத்தால் “ஒண்டு” என்பார்; இரண்டில் படியும். முற்றத்தில் ஆறு சுற்று நடக்கச் சொன்னால் மூன்றில் தொடங்குவார். நாலரைக்குச் சம்மதித்து, அந்த அரைச் சுற்றில் கிணற்றடியில் நின்றுவிடுவார். அவள்தான் போய்க் கூட்டிவர வேண்டும். அதனால் அவளும் எதையும் இரட்டிப்பாகவே கேட்கப் பழகியிருந்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவருடைய வயிறு உதைபந்து மாதிரி உப்பியிருந்தது. மலச்சிக்கல் அவருக்குப் புதிதில்லை, வாந்தி புதிது.

“அப்பா, இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போவம்.”

வெள்ளிக்கிழமை பார்ப்போம் என்று தொடங்குவார், அன்று பின்னேரத்துக்குப் படியவைக்கலாம் என்பது அவள் கணக்கு.

“ஓம் பிள்ளை, போவம்.”

அந்த மனிதர் முதற்சொல்லுக்குச் சம்மதித்ததற்கு ஊரில் ஒரு சாட்சி கிடையாது. தயாளினி மாத்திரைகளையும் அவற்றின் நேரம் எழுதிய தாளையும் பையில் திணித்தாள். உடுத்த உடுப்போடு ஓட்டோவில் ஏற்றினாள்.

ஆஸ்பத்திரியில் மோட்டார் சைக்கிளில் விழுந்தவர்கள் நாலு பேர் முன்னால் கிடந்தார்கள். இளம் டொக்டர் றொசாந்தி தம்பிஐயாவின் வயிற்றை அமத்திப் பார்த்தாள்.

“ஐயா, நோ எப்பிடி? பத்துக்கு எத்தினை?”

தம்பிஐயா யோசித்தார். வந்தவனிடம் தேவையைக் காட்டிக்கொடுப்பது அவர் தொழிலில் பாவம்.

“ஒரு... மூண்டு.”

டொக்டர் முகத்தைப் பார்த்தாள். ஒரு சுளிப்பு இல்லை. “அப்ப வெளியிலை உந்த மர வாங்கிலை இருங்கோ. பின்னேரம் எக்ஸ்றே படம் எடுத்துப் பாப்பம்.”

“டொக்டர், அது அவர் தொடங்கிற விலை” என்றாள் தயாளினி. “படியிற விலை இல்லை.”

“என்னக்கா சொல்லுறியள்?”

“உந்த முகத்தைப் பாத்து முடிவெடுக்காதேங்கோ. பார்க்கின்சன் வருத்தத்தாலை இறுகின முகம். உயிர் போற நோவெண்டாலும் உப்பிடித்தான் இருக்கும். பல்லுப் புடுங்கவே என்னோடை மூண்டு மாதம் இழுபட்ட மனிசன். இண்டைக்கு ஆஸ்பத்திரி எண்டவுடனை ஓம் எண்டிட்டார்!”

பக்கத்துக் கட்டிலில் கால் உடைந்து கிடந்தவர் சிரித்தார். டொக்டர் சிரிக்கவில்லை. நெல்லியடியில் அவள் தகப்பனுக்குப் பிடவைக் கடை. இந்த மாதிரிப் பேரக்கார மனிதர்களை அவள் வீட்டிலேயே பார்த்திருக்கிறாள். குனிந்து அவர் காதோடு வாயை வைத்தாள்.

“ஐயா, சந்தை கலையப்போகுது. கடைசி விலையைச் சொல்லுங்கோ.”

உதடு அசைய வெகுநேரம் எடுத்தது.

“எட்டு.” கண்ணோரத்தால் நீர் வழிந்தது. “இல்லை... ஒம்பது.”

உடனே படம் எடுத்தார்கள். குடல் முறுக்கிக்கொண்டிருந்தது. மத்தியானத்துக்குள் சத்திரசிகிச்சை முடிந்தது. “பின்னேரம் வரைக்கும் விட்டிருந்தால் குடல் அழுகியிருக்கும்” என்றார் பெரிய டொக்டர். தயாளினி மாத்திரைத் தாளை நேர்ஸிடம் நீட்டினாள்.

“மிஸ், குளிசை நேரம் தப்பினால் இவர் கட்டை மாதிரிப் போயிடுவார். எப்ப தொடங்கலாம், எப்பிடிக் குடுக்கிறது எண்டு டொக்டரிட்டைக் கேட்டுச் சொல்லுங்கோ. இதிலை மட்டும் பேரம் இல்லை.”

மூன்றாம் நாள் பெரிய டொக்டர் வந்து தையலைப் பார்த்தார். “நல்லாயிருக்கு. இன்னும் பத்து நாள் இஞ்சை இருக்கவேணும்.”

தம்பிஐயாவின் உதடு அசைந்தது. தயாளினி காதைக் கிட்டக் கொண்டுபோனாள்.

“ஏழு” என்றார்.

அவளுக்கு அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

“பன்ரண்டு” என்றாள்.