எந்தச் சீட்டு?

எங்கள் வீட்டுக்காரரிடம் மூன்று ஜோக்குகள் இருக்கின்றன. பன்னிரண்டு வருடமாக அதே மூன்றுதான். நாலாவதாக ஒன்று வரும் என்று நானும் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

நாங்கள் இருவரும் ஒரே மருந்துக்கடையில் ஒரே மேஜைக்குப் பின்னால் நிற்கிறவர்கள். அவர் இடது பக்கம், நான் வலது பக்கம், நடுவில் காய்ச்சல் மாத்திரை டப்பா. யாராவது வந்து சீட்டை நீட்டினால் உடனே மருந்தை எடுக்க மாட்டார். "இப்படித்தான் ஒருத்தர் வந்து மறதிக்கு மருந்து இருக்கான்னு கேட்டார்" என்று ஆரம்பிப்பார். கொஞ்சம் நிறுத்துவார். "நேத்துதானே வாங்கிட்டுப் போனீங்கன்னேன்" என்று முடிப்பார். வந்த ஆளுக்கு உடம்பு சரியில்லை. இது ஜோக்கா, நிஜமா என்று புரியாமல் என் முகத்தைப் பார்ப்பார். நான் சிரித்தால் வந்தவரும் சிரிப்பார். நான் சிரிக்காவிட்டால் எங்கள் வீட்டுக்காரர் அசடு வழிய நிற்க வேண்டியதுதான். ஆகவே மருந்தை எடுப்பது, உறையில் போடுவது, சிரிப்பது மூன்றும் என் வேலை. ஒரு நாளைக்கு முப்பது சிரிப்புக்குக் குறையாது.

மனிதர் தங்கமானவர், அதில் சந்தேகமே இல்லை. எனக்குக் காய்ச்சல் என்றால் மூன்று நாளும் அவரே சமைத்து, அவரே பாத்திரம் கழுவி, என் தலைமாட்டில் உட்கார்ந்து அதே ஜோக்கைச் சொல்வார். எழுந்து ஓட முடியாத நிலையில் அதையும் கேட்டிருக்கிறேன்.

போன மாதம் அவருக்குத் தெரியாமல் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் மருந்துப் பிரிவுக்கு விண்ணப்பம் போட்டேன். வேலை கிடைத்துவிட்டது. ஒன்றாம் தேதி சேர வேண்டும், திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அந்தக் கடிதம் நாலு நாளாக என் கைப்பையின் உள்பக்கத்தில் கிடந்தது. அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. ஏன் போகிறாய் என்று கேட்பாரே, அதற்கு என்ன சொல்வது?

இந்த நிலையில்தான் மருந்துக் கம்பெனி ஆள் ஒருவர் இரண்டு டிக்கெட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், 'கத்தரி' என்று பெயர் வைத்துக்கொண்ட ஒருவரின் சிரிப்பு நிகழ்ச்சி. பேச்சாலேயே ஆட்களைத் துணி மாதிரி வெட்டுவாராம், அதனால் அந்தப் பெயர்.

"போகலாம்மா. தொழில் கத்துக்கலாம்" என்றார் எங்கள் வீட்டுக்காரர்.

சோபா கடைக்கு மேலே ஒரு ஹால். இருநூறு நாற்காலி இருக்கும். வாசலில் ஒரு பெண் எல்லோருடைய போனையும் வாங்கிப் பையில் போட்டுவிட்டு, பதிலுக்கு ஆளுக்கு ஒரு வெள்ளைச் சீட்டும் விரல் நீளப் பென்சிலும் கொடுத்தாள். "பக்கத்துல உக்காந்திருக்கிறவங்ககிட்ட சொல்லாத ஒரு விஷயத்தை எழுதி இந்தப் பெட்டியில போடுங்க. பேர் வேண்டாம்" என்றாள்.

வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்றவரிடம் எங்கள் வீட்டுக்காரர் அதற்குள் ஆரம்பித்திருந்தார். "இப்படித்தான் ஒருத்தர் வந்து..." அந்த ஆள் திரும்பி என்னைப் பார்த்தார். நான் சிரித்தேன். ஞாயிற்றுக்கிழமைகூட விடுமுறை இல்லையா என்று எனக்குச் சுறுசுறுவென்று கோபம் வந்தது. அந்தக் கோபத்திலேயே சுவரில் சீட்டை வைத்து எழுதினேன். வேலை கிடைத்தது ஒரு வரி. சேர வேண்டிய தேதி ஒரு வரி. சம்பளத்துக்காக இல்லை என்று ஒரு வரி. கடைசியாக, 'இவர் ஜோக்குக்குச் சிரித்துச் சிரித்து அலுத்துவிட்டது, நாள் முழுக்கப் பக்கத்தில் நிற்க முடியவில்லை.'

பயம் இல்லாமல் எழுதியதற்குக் காரணம் உண்டு. எங்கள் எதிர்த் தெரு டாக்டரின் கையெழுத்து கோழிக் கிறுக்கல். அதை வருடக்கணக்காகப் படித்துப் படித்து எங்கள் கையெழுத்தும் அப்படியே ஆகிவிட்டது. கடையில் தீர்ந்துபோன மருந்துகளைக் குறிக்கும் நோட்டைத் திறந்தால் எறும்பு மையில் விழுந்து நடந்த மாதிரி இருக்கும். அந்த எழுத்தில்தான் எழுதினேன். மேடையில் இருக்கிறவனால் படிக்க முடியாது, தூக்கிப் போட்டுவிடுவான் என்று கணக்குப் போட்டேன். உலகத்தில் அதைப் படிக்கத் தெரிந்த இன்னொரு ஆள் என் பக்கத்து நாற்காலியில்தான் உட்காரப் போகிறார் என்பது அந்த நேரத்தில் மண்டையில் உறைக்கவில்லை.

கத்தரி மேடைக்கு வந்தபோது ஏமாற்றமாக இருந்தது. இஸ்திரி போட்ட சட்டை, மெலிந்த உடம்பு, விண்ணப்பத்தில் கையெழுத்து விட்டுப்போயிருக்கிறது என்று திருப்பிக் கொடுக்கிற அலுவலகக்காரர் போல ஒரு முகம். குரலை உயர்த்தவே இல்லை. முதல் வரிசையில் இருந்த ஒருவரிடம், "உங்க வீட்டுல உங்களைப் பார்த்து யாராவது சிரிச்சு எத்தனை நாளாச்சு?" என்று அக்கறையாக விசாரித்தார். அந்த மனிதர் நிஜமாகவே யோசிக்க ஆரம்பித்ததும் ஹால் குலுங்கிச் சிரித்தது. எனக்கு மட்டும் என்னவோ போலிருந்தது.

பிறகு பெட்டி வந்தது. ஒரு சீட்டைப் படிப்பார். ஹாலில் எல்லா விளக்கும் எரியும். எல்லோரும் பக்கத்து ஆளின் கண்ணைப் பார்த்து, "நீங்களா?" என்று கேட்க வேண்டும். சிரிக்கக் கூடாது, திரும்பக் கூடாது, பத்து எண்ணும்வரை.

முதல் சீட்டு, 'இவ குழம்பு வச்சா நான் ஆபீஸ்லேயே சாப்பிட்டு வந்துடுவேன்.' ஒரே கூத்து. எங்கள் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பி, கண்ணை உருட்டி, "நீங்களா?" என்றார். சந்தோஷத்தின் உச்சியில் இருந்தார்.

மூன்றாவது சீட்டு அப்படியில்லை. 'இவ கல்யாணத்துக்கு நான் போகப்போறதில்லை. மாப்பிள்ளையை இவளுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும்.' விளக்கு எரிந்தது. நாலு வரிசைக்கு முன்னால் இரண்டு பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐந்து எண்ணுவதற்குள் ஒருத்தி பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். மற்றவள், "ஏய், நில்லுடி, சொல்றதைக் கேளு" என்று பின்னாலேயே ஓடினாள். இதுவும் நிகழ்ச்சியில் சேர்ந்தது என்று நினைத்து ஹால் கைதட்டியது. கதவு சாத்திய பிறகுதான் ஒவ்வொருவராகக் கையை இறக்கினார்கள். கத்தரி அடுத்த சீட்டை எடுத்தார்.

சீட்டைக் கிட்டே வைத்துப் பார்த்தார். தள்ளி வைத்துப் பார்த்தார். தலைகீழாகத் திருப்பினார். "இது எழுத்தா, இல்லை யாராவது பென்சில் கூர் பார்த்தீங்களா?" என்றார். ஹால் சிரித்தது. அத்தோடு தூக்கிப் போட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

"டாக்டர் கையெழுத்து படிக்கத் தெரிஞ்சவங்க யாராவது இருக்கீங்களா?"

எங்கள் வீட்டுக்காரர் கை அந்தக் கேள்வி முடிவதற்குள் மேலே போய்விட்டது. "நான் மெடிக்கல் ஷாப் வச்சிருக்கேன் சார்."

நான் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "வேண்டாங்க. உக்காருங்க."

"கூச்சப்படாதே. ஒரு நிமிஷத்துல வந்துடறேன்" என்று என் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு மேடை. படி ஏறும்போதே தலைமுடியைச் சரிசெய்துகொண்டார். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான்.

சீட்டு அவர் கைக்குப் போனது. மருந்துச் சீட்டை அவர் எப்போதும் கீழிருந்து மேலே படிப்பார். கையெழுத்து யாருடையது என்று பார்த்துவிட்டுத்தான் மேலே போவார். ஆக, என் கடைசி வரியைத்தான் அவர் முதலில் படித்திருப்பார். அவர் உதடு லேசாக அசைந்தது. நின்றது. பிறகு மெதுவாக மேலே போய், ஒவ்வொரு வரியாக முதல் வரி வரைக்கும் படித்தார். நான் பன்னிரண்டு வருடம் பக்கவாட்டிலேயே பார்த்த முகம். அன்றைக்குத்தான் நேர் எதிரில் பார்த்தேன். அதில் இருந்த சந்தோஷம் மட்டும் காணாமல் போயிருந்தது. எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது.

"என்ன சார் எழுதியிருக்கு?" என்றார் கத்தரி.

"படிக்க முடியலை."

"இவ்வளவு நேரம் படிச்சீங்களே?"

"பார்த்தேன். படிக்கலை."

"ஊகமா ஏதாவது சொல்லுங்க. எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க."

"ஊகிக்கக் கூடாதுங்க. எங்க கடையில அது ஒண்ணுதான் சட்டம். புரியலைன்னா எழுதினவங்களைத்தான் கேக்கணும். ஊகிச்சு மருந்து கொடுத்தா ஆள் போயிடுவான்."

ஹால் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை, நிஜத்தைத்தான் சொன்னார். கத்தரி விடுகிற ஆள் இல்லை. மோப்பம் பிடித்துவிட்டார். "சரி, எழுதினவங்களையே கேட்டுடுவோம். எழுதினவங்க எழுந்து நில்லுங்க. பத்து எண்ணுவோம். நிக்கலைன்னா வரிசை வரிசையா நானே இறங்கி வர்றேன்."

விளக்கெல்லாம் எரிந்தது. இருநூறு பேர் ஒரே குரலில் எண்ண ஆரம்பித்தார்கள். ஒன்று, இரண்டு. பக்கத்து நாற்காலி காலியாக இருந்ததால் என் கண்ணைப் பார்க்க யாரும் இல்லை. அவர் மேடையில் தனியாக நின்றுகொண்டிருந்தார். ஐந்து, ஆறு. இவரை இப்படி நிறுத்திவிட்டு நான் உட்கார்ந்திருப்பதைவிட எழுந்து நின்று மானம் போவது மேல் என்று தோன்றியது. நாற்காலிக் கையை அழுத்தி எழப் போனேன்.

"ஒரு நிமிஷம் சார்" என்று எங்கள் வீட்டுக்காரர் மைக்கை வாங்கிக்கொண்டார். "எங்க கடைக்கு இப்படித்தான் ஒருத்தர் வந்தார்."

அடப்பாவி மனுஷா, இப்போதுமா என்று நினைத்தேன்.

"மறதிக்கு மருந்து இருக்கான்னு கேட்டார்" என்றார். வழக்கம்போல நிறுத்தினார். எண்ணிக்கொண்டிருந்தவர்கள் வாயை மூடினார்கள். அவர் சீட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "நேத்துதானே வாங்கிட்டுப் போனீங்கன்னேன்."

அங்கங்கே நாலு பேர் சிரித்தார்கள். கத்தரி கையை நீட்டினார். "ஜோக் நல்லா இருக்கு சார். சீட்டைக் கொடுங்க."

எங்கள் வீட்டுக்காரர் அவரைப் பார்த்தார். கடையில் சந்தேகம் கேட்கிற வாடிக்கையாளரைப் பார்க்கிற அதே சாந்தமான பார்வை.

"எந்தச் சீட்டு?"

ஹால் இடிந்து விழுந்துவிடும் போலச் சிரித்தது. கத்தரிக்கே சிரிப்பு வந்துவிட்டது. "சார், அடுத்த வாரம் நீங்களே நடத்துங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டு இறக்கிவிட்டார். நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை, நானும் யாருக்காகவும் சிரிக்கவில்லை. சிரித்துக்கொண்டே இருந்தபோது அழுகை வந்துவிட்டது. அவர் வந்து உட்கார்ந்து, கைக்குட்டையை என் மடியில் வைத்தார்.

நிகழ்ச்சி முடிந்து பஸ் நிறுத்தத்துக்கு வந்தோம். வெயில் இன்னும் இருந்தது. அவர் பையிலிருந்து சீட்டை எடுத்துப் பிரித்தார். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"இதுல ஒரு இடம் மட்டும் புரியலை. ஒண்ணாம் தேதியா, ஏழாம் தேதியா?"

"ஒண்ணு" என்றேன்.

"அப்ப ஒன்பது நாள்தான் இருக்கு. கடைக்கு வேற ஆள் பார்க்கணும்."

"உங்களுக்குக் கோபம் இல்லையா?"

"கோபம் இல்லை. வலிக்குது" என்றார். சீட்டை மடித்துத் திரும்பவும் பையில் வைத்துக்கொண்டார். "நீ சிரிச்சதெல்லாம் சும்மாவா?"

பொய் சொல்ல மனது வரவில்லை. "முதல் ரெண்டு வருஷம் நிஜமாத்தான் சிரிச்சேன்."

"ரெண்டு வருஷமா?" அவர் புருவம் உயர்ந்தது. "நான் ஆறு மாசம்னுதான் நினைச்சிருந்தேன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "தெரியுமா உங்களுக்கு? தெரிஞ்சுமா பன்னிரண்டு வருஷம் சொல்லிக்கிட்டு இருந்தீங்க?"

"நீ சிரிச்சுக்கிட்டே இருந்தியேம்மா" என்றார்.

பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்தோம். இரண்டு நிறுத்தம் வரை அவர் ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். நான் அவர் கைக்குட்டையை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

"ஆஸ்பத்திரிக்கு எத்தனை மணிக்குப் போகணும்?"

"எட்டு."

"கடை ஒன்பதுக்குத்தானே. தினம் நானே கொண்டுபோய் விடறேன். வழியில ஒண்ணும் பேச மாட்டேன்."

இந்த மனிதரை என்ன செய்வது? என் கோபம், அலுப்பு எல்லாம் எங்கே போய் ஒளிந்துகொண்டதோ தெரியவில்லை. வேலைக்குப் போவதில் மாற்றமில்லை, அது வேறு விஷயம். ஆனால் எட்டு மணிவரைக்கும் வழி நெடுக வாயை மூடிக்கொண்டு வரும் இவரை நினைத்துப் பார்த்தேன். பொறுக்கவில்லை.

"ஒண்ணே ஒண்ணு சொல்லலாம்" என்றேன். "ஒரு நாளைக்கு ஒரு ஜோக்."

அவர் முகத்தில் அந்தச் சந்தோஷம் திரும்பவும் வந்தது. என் பக்கமாக நன்றாகத் திரும்பி உட்கார்ந்தார்.

"இன்னைக்கு மேடையில ஒருத்தர் ஏறினார்" என்று ஆரம்பித்தார். கொஞ்சம் நிறுத்தினார்.

அது நாலாவது ஜோக். இனிமேல் பன்னிரண்டு வருடத்துக்கு இதைத்தான் கேட்கப்போகிறேன் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.