மடித்துக் கட்டிய ஜடை

கம்பெனி வேன் வருவதற்குள் மகளுக்குத் தலை வாரியாக வேண்டும். ராசாத்தி பொற்கொடியைத் தரையில் உட்காரவைத்து, ரெட்டை ஜடையைக் காதோடு சேர்த்து மடித்து, ரிப்பனால் இறுக்கிக் கட்டினாள். காதுக்குப் பின்னால் இருந்த கேட்கும் மெஷின் முடிக்குள் அமுங்கிப்போனது.

போன வருஷம் மூளைக்காய்ச்சலில் பிழைத்தவள் பொற்கொடி. உயிரை விட்டுவைத்த காய்ச்சல், காதை முக்கால்வாசி எடுத்துக்கொண்டு போய்விட்டது. ஒரு வருஷம் வீட்டில் கிடந்துவிட்டு, இப்போதுதான் மூக்கண்டப்பள்ளியில் மறுபடி பள்ளிக்கூடம்.

"இறுக்காதம்மா. இறுக்குனா மெஷின் கத்துது. நேத்து ராத்திரி அவுத்துவிட்டுப் பாத்தேன், கத்தவே இல்ல."

"சும்மா இருட்டி. நாலு பேரு பாத்தா செவிடுன்னு பேரு வச்சிருவாவ. நாளைக்கு உன்னைய ஒருத்தன் கையில பிடிச்சுக் குடுக்காண்டாமா?" முதுகுக்குப் பின்னால் இருந்து சொன்னது மகளுக்குக் கேட்கவில்லை. மகளின் முகத்தைத் தன் பக்கம் திருப்பிச் சொன்னாள்: "இன்னைக்கு ஒருநாள் போ. ஷிப்ட் முடிஞ்சு வந்து டி.சி. வாங்கிருதேன். மெஷின் விசிலடிக்குன்னு குக்கருன்னு கேலி கேட்டுக்கிட்டு ஒண்ணும் படிக்க வேண்டாம்."

பொற்கொடி பையை மாட்டிக்கொண்டு போனாள்.

மத்தியானம் ஷிப்ட் முடிந்ததும் ராசாத்தி யூனிபாரமோடு நேராகப் பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். வகுப்பு நடந்துகொண்டிருந்தது. ஜன்னலோரம் நின்றாள்.

அருணா டீச்சர் போர்டில் எழுதும்போது வாயைத் திறக்கவில்லை. எழுதி முடித்து, பிள்ளைகள் பக்கம் திரும்பிய பிறகே பேசினார். பின்வரிசையில் ஒருவன் பதில் சொன்னால், பக்கத்தில் இருந்த ஜெயப்ரியா பொற்கொடியின் தோளைத் தட்டி அவனைக் கைகாட்டினாள். கம்பெனியில் பிரஸ் மெஷின் ஓடும் இரைச்சலில் ராசாத்தியும் கூட்டாளிகளும் இப்படித்தானே பேசிக்கொள்கிறார்கள்? தோளைத் தட்டி, முகத்துக்கு நேரே வந்து, வாயைப் பார்த்து. அங்கே யாரும் யாரையும் செவிடு என்றதில்லை.

அப்போது மெஷின் 'கீ'யென்று கத்தியது.

"மூணு விசில் ஆச்சுடா, எறக்கிடலாமா?" என்றான் ஒரு பையன். சிரிப்பு எழுந்தது. டீச்சர் அவனை அதட்ட வாயெடுத்தார்.

அதற்குள் பொற்கொடி எழுந்துவிட்டாள். சிரித்த முகங்களுக்கு நடுவே நின்று, ரிப்பனை உருவி, ஜடை இரண்டையும் அவிழ்த்து, முடியை உச்சியில் தூக்கிக் கட்டினாள். மெஷினைச் சரியாகப் பொருத்தினாள். விசில் நின்றது. அந்தத் துணிச்சல் வளர்ந்தவர்களில் பலருக்கு வராது.

"இது என் காது மெஷின். முடிய வெச்சு அமுக்குனா கத்தும். எங்கம்மாகிட்ட எத்தன தடவ சொன்னேன், அவங்களுக்குத்தான் காது கேக்கல."

வகுப்பே சிரித்தது. இந்த முறை அவளோடு சேர்ந்து சிரித்தது. கேலி செய்த பையன் கிட்டே வந்து, "நான் பாக்கட்டா?" என்று கழுத்தை நீட்டினான்.

டீச்சர் ராசாத்தியைப் பார்த்துவிட்டு வாசலுக்கு வந்தார். "வாங்கம்மா. எதுனா விஷயமா?"

ராசாத்தி ஜன்னலை விட்டு வாசலுக்கு வந்தாள். பின்னாலேயே வந்த ஜெயப்ரியா கேட்டாள்: "ஆன்ட்டி, கழுத்துல என்ன, ஹெட்செட்டா?"

ராசாத்தி குனிந்து பார்த்தாள். வேலை நேரத்தில் காதை அடைத்துக்கொள்ளும் ரப்பர் தக்கைகள், கயிற்றோடு நெஞ்சில் ஆடிக்கொண்டிருந்தன. கழற்ற மறந்து ரோடெல்லாம் அப்படியே வந்திருக்கிறாள்.

"காத அடைக்கிறத ஊரு பாக்கத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்திருக்கேன். காது கேக்க வைக்கிறத மட்டும் ஒளிச்சு வச்சேன்" என்றாள். "டி.சி. கேக்கத்தான் வந்தேன் டீச்சர். வேண்டாம். பிள்ளைக்குக் காது கொறைஞ்சா மெஷின் இருக்கு, மூஞ்சியப் பாத்துப் பேச நீங்கள்லாம் இருக்கிய. பெத்தவ வெக்கப்பட்டா, அதுக்கு எந்த மெஷினப் போட?"