பட்டதாரி தஸ்லீமுக்கு ஓர் அரியர்

1

2025 ஏப்ரல் 12, சனிக்கிழமை. பூந்தமல்லியில் ஒரு கல்யாண மண்டபத்தில் முப்பத்தெட்டுக் குழந்தைகள் யுகேஜி பட்டம் பெற்றார்கள்.

இந்தக் கதை அங்கிருந்து வந்தது என்றால் பாதி உண்மை. மீதிப் பாதி: ஒரு பள்ளியின் ஆண்டு மலருக்கு என்னிடம் கட்டுரை கேட்டிருந்தார்கள். தலைப்பையும் அவர்களே கொடுத்தார்கள்: 'மழலையர் பள்ளி முதல் மேல்நிலைப் பள்ளி வரை: சிரமமில்லாத மாற்றத்துக்குச் சில வழிகள்'. உட்கார்ந்து எழுதினேன்.

'குழந்தை ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குச் செல்லும்போது பெற்றோர் ஒரு பாலமாக

பாலம் என்றதும், மெட்ரோ பாலம் கட்டுகிறோம் என்று பூந்தமல்லியில் என்னைச் சுற்றவிட்ட சந்துகள் எல்லாம் நினைவுக்கு வந்தன. வாக்கியத்தை அங்கேயே நிறுத்தினேன். அதற்குப் பிறகு எழுதியது எதுவும் கட்டுரையில் சேராது.

2

மண்டபத்தில் எல்லோருக்கும் கறுப்பு அங்கி, குஞ்சம் வைத்த தட்டைத் தொப்பி, ரிப்பன் கட்டிச் சுருட்டிய சான்றிதழ். சிறப்பு விருந்தினர்* மைக்கைப் பிடித்து, "இன்று முதல் நீங்கள் பட்டதாரிகள். இனி உலகம் உங்கள் கையில்!" என்றார். முன்வரிசையில் ஒரு குழந்தை கையை விரித்துப் பார்த்தது.

(*இவருக்கு ஒரு பெயரும் தொழிலும் வைத்திருந்தேன். பேசிவிட்டு உடனே கிளம்பிவிடுகிறார் என்பதால் இரண்டையும் திரும்ப வாங்கிக்கொண்டேன்.)

கையை விரித்தது வேறு யாரோ. தஸ்லீம் பார்க்கவெல்லாம் இல்லை, நம்பிவிட்டாள். அவள்தான் கதாநாயகி. வயது ஐந்தேமுக்கால். அத்தா நஜீர் கார் சீட்டுக்கு உறை தைக்கும் கடை வைத்திருக்கிறார். அம்மா ஃபக்ருன்னிசா. கதை முழுக்க நாம் இவள் பக்கத்தில்தான் நிற்கப்போகிறோம், ஏனென்றால் எல்லாம் இவள் தலையில்தான் விடியும். அண்ணன் பாசித், ஐந்தாம் வகுப்பு முடித்து ஆறாவதுக்குப் போகிறவன். இனி அவனுக்குப் பென்சில் போய்ப் பேனா வரும், மிஸ் போய் சார் வருவார். அவனுக்கு யாரும் அங்கி மாட்டவில்லை.

ஜூன் மாதம் பள்ளி திறந்த திங்கட்கிழமை, ஃபக்ருன்னிசா மகளின் புதுச் சீருடையை எடுத்து வைத்தாள். தஸ்லீம் அதைத் தொடவில்லை.

"நான்தான் படிச்சி முடிச்சிட்டேனே."

"இன்னாடி முடிச்ச?"

"பட்டம் வாங்கினேன்ல? நீயும்தானே கை தட்டின?"

ஃபக்ருன்னிசா கை தட்டியிருந்தாள். வீடியோவும் எடுத்து, சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பியிருந்தாள். மறுக்க வழியில்லை.

பாசித் ஷூவுக்கு லேஸ் கட்டிக்கொண்டிருந்தான். தஸ்லீம் அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீ இன்னும் படிச்சிகினு கீறியா?"

3

'மாலைக்குள் குழந்தை சமாதானமாகிவிட்டது' என்று எழுதியிருந்தேன். ஆகவில்லை. அந்த வரியை அடித்துவிட்டேன்.

கட்டுரைக்காக வாசித்த எல்லாவற்றிலும் ஒரு யோசனை தவறாமல் இருந்தது: புதிய வகுப்பறையைக் குழந்தைக்குச் சுற்றிக் காட்டுங்கள். செவ்வாய்க்கிழமை ஃபக்ருன்னிசா காட்டினாள். தஸ்லீம் பெஞ்சைத் தடவினாள், கரும்பலகையைப் பார்த்தாள், மின்விசிறியை நிமிர்ந்து பார்த்தாள்.

"நல்லா கீதும்மா. இங்க யாரு படிக்கிறாங்க?"

திரும்பும்போது அலுவலக அறையில் கூப்பிட்டுச் சொன்னார்கள்: வெள்ளிக்கிழமைக்குள் பிள்ளை வகுப்பில் உட்காராவிட்டால், அந்த இடம் வரிசையில் காத்திருக்கும் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும். பாசித் படிக்கும் அதே பள்ளி, வீட்டிலிருந்து நடக்கிற தூரம். அந்த இடத்துக்காக ஃபக்ருன்னிசா ஜனவரியிலிருந்து அலைந்திருந்தாள்.

(நஜீரைக் கண்டிப்பான தகப்பனாக எழுதிப் பார்த்தேன். குரலை உயர்த்தவும் வைத்தேன். மகள் முகத்தைப் பார்த்ததும் இறக்கிவிட்டார். சரி, அப்படியே இருக்கட்டும்.)

"அத்தா, நான் வேலைக்கிப் போறேன். உன் கடைக்கே வரேன்."

"உனுக்கு இன்னா வேலம்மா தெரியும்?"

"கலர் அடிப்பேன். கோட்டுக்கு வெளிய போவாம."

நஜீர் யோசித்தார். "அது நம்ம கடைல ஒருத்தனுக்கும் தெரியாதே" என்றார். ஃபக்ருன்னிசா பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார்.

ஃபக்ருன்னிசாவே முயன்றாள். "ஒன்னாங்கிளாஸ்னா இன்னான்னு நெனச்ச? அது மேல்படிப்புடி."

"மேல்படிப்பு படிச்சா?"

"வேலை கெடைக்கும்."

"மாடி ஊட்டு விஷ்ணு அண்ணன் மேல்படிப்பு முடிச்சிட்டு ஊட்லதானே கீறாரு?"

4

இந்தப் பகுதியில் ஒரு குழந்தை மனநல ஆலோசகர் வந்தார். மிக நன்றாகப் பேசினார். தஸ்லீம் தூங்கிவிட்டாள். பகுதியை எடுத்துவிட்டேன், எண் மட்டும் நிற்கிறது.

5

புதன்கிழமை மாலை, பள்ளியிலிருந்து வந்த பாசித் பையை இறக்காமலேயே சொன்னான்:

"உன் பட்டம்லாம் செல்லாது. உனுக்கு அரியர் கீது."

இங்கே தெருவுக்கு மூன்று இன்ஜினியர்கள் குடியிருக்கிறார்கள். தேறாமல் பாக்கி நிற்கும் பாடத்துக்கு அரியர் என்று பெயர், அது இருக்கிற வீட்டில் இரண்டு நாள் யாரும் சரியாகச் சாப்பிட மாட்டார்கள் என்பதெல்லாம் யுகேஜி பிள்ளைக்கும் தெரியும். தஸ்லீமின் முகம் மாறியது.

"எதுல?"

"ழ-வுல. வாழைப்பழம் சொல்லு."

"வாயப்பயம்."

"பாத்தியா? கிளியர் பண்ற வரிக்கும் நீ பட்டதாரி கெடையாது."

(பத்து வயதுப் பையன் இவ்வளவு கச்சிதமாக யோசிப்பானா என்று எனக்கும் சந்தேகம் வந்தது. மூன்று நாளாகத் தங்கையின் இளக்காரப் பார்வையில் வாழ்ந்தவன் யோசிப்பான்.)

தஸ்லீம் நஜீர் பக்கம் திரும்பினாள். "அத்தா, நீ சொல்லு."

"இன்னாத்த?"

"வாயப்பயம்."

"வாயப்பயம்" என்றார் நஜீர், பெருமையாக.

"அய்யே! அத்தாக்கும் அரியர்!"

வெள்ளிக்கிழமை ஒன்றாம் வகுப்பில் ஆக்னஸ் மிஸ் முன்னால் இருவரும் பரீட்சை எழுதுவது என்று முடிவானது. ஃபக்ருன்னிசா அன்று நிம்மதியாகச் சாப்பிட்டாள். வியாழக்கிழமை மாலைதான் இதிலிருந்த ஓட்டை அவளுக்குப் புரிந்தது. தஸ்லீம் கண்ணாடிமுன் நின்று நாக்கை மடித்துக்கொண்டிருந்தாள்.

"வாளை... வாஷை... வாழை."

இவள் தேறிவிட்டால் பட்டம் செல்லும். பட்டம் செல்லுமானால் பத்து மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுவாள்.

"அம்மா, வந்துச்சு! வாழைப்ப"

ஃபக்ருன்னிசா ஒரு பழத்தை உரித்து மகள் வாயில் வைத்தாள். "சாப்புடு. பேசாம சாப்புடு." இரவுத் தொழுகையில், தன் பிள்ளைக்குத் தமிழ் சரியாக வரக் கூடாது என்று துஆ கேட்டாள்.

6

வெள்ளிக்கிழமை காலை வகுப்பறை வாசலில் ஃபக்ருன்னிசா விஷயத்தைச் சொன்னாள். பள்ளி திறக்கும் வாரத்தில் இதைவிட வினோதமான காரணங்களைக் கேட்டுப் பழகிய ஆக்னஸ் மிஸ், "சரிம்மா, உட்காரச் சொல்லுங்க" என்றார். நஜீர் சின்ன பெஞ்சில் உட்கார்ந்தார். முழங்கால் இரண்டும் மோவாய்க்கு வந்தன.

"தஸ்லீம், சொல்லும்மா."

"வாழைப்பழம்."

இரண்டு ழகரமும் சுத்தமாக விழுந்தன. வகுப்பே கை தட்டியது. இந்த முறை ஃபக்ருன்னிசா தட்டவில்லை. ஆக்னஸ் மிஸ் பொய் சொல்லத் தெரியாதவர், "தேறிட்டே" என்றார். தஸ்லீம் பையை எடுத்து மாட்டிக்கொண்டு கதவை நோக்கி நடந்தாள்.

(இந்த இடத்தில் மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில் வாட்ச்மேன் கேட்டைப் பூட்டிவிடுகிறார். ஒன்றில் சிறப்பு விருந்தினர் நேரில் வந்து பேச்சை வாபஸ் வாங்குகிறார். மூன்றாவதில் அவளுக்கு 'ற'-வில் ஒரு அரியர் கண்டுபிடிக்கிறார்கள், அது தீர்ந்ததும் கழித்தலில், பிறகு வாய்ப்பாட்டில், இப்படியே ப்ளஸ் டூ வரை. மூன்றாவது கிட்டத்தட்டப் பள்ளிக்கூடம் மாதிரியே இருந்ததால் அதைக் கட்டுரைக்கு எடுத்துவைத்தேன்.)

"சார், நீங்க சொல்லுங்க" என்றார் ஆக்னஸ் மிஸ்.

"வாயப்பயம்."

"இன்னொரு தடவை."

"வாயப்பயம், மிஸ்."

"பரவால்ல, உட்காருங்க. கத்துக்கலாம்."

தஸ்லீம் கதவருகே நின்று திரும்பிப் பார்த்தாள். தெரியாத பிள்ளைகள் நடுவில் அத்தா தனியாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இருந்த பையன் வேறு அம்மாவைக் கேட்டு அழுதுகொண்டிருந்தான்.

"அத்தா, நான் போயிட்டா நீ அழுவியா?"

நஜீர் யோசித்தார். "தெர்லியேம்மா."

தஸ்லீம் பெருமூச்சு விட்டாள். பையைக் கழற்றிவைத்து அவர் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தாள். "தள்ளி ஒக்காரு. இன்னிக்கி மட்டும்தான், ஆமா."

நஜீருக்கு உண்மையிலேயே ழ வராதா, வேண்டுமென்றே விட்டாரா? இதை வாசகரிடமே விடுகிறேன். வரும் என்று ஒரு முறையும் வராது என்று ஒரு முறையும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் அவள் உட்கார்ந்துவிட்டாள்.

இடைவேளை மணி அடித்ததும் நஜீர் கடைக்குப் போனார். தஸ்லீம் மாலை வரை வகுப்பில் இருந்தாள். ஒன்றாம் வகுப்பு இடம் அவளுக்கே உறுதியானது. திங்கட்கிழமையும் வந்தாள்.