மொட்டை மாடியில் அடும்பு

மழைக்கு முன் மொட்டை மாடியில் வாட்டர்ப்ரூஃபிங் வேலை. பூக்கிற செடிகளைக் கேட் பக்கத்துப் பாத்தியில் நடலாம், மற்றவை குப்பைக்கு என்று சொசைட்டி செயலாளர் கேஷவ் சொல்லிவிட்டார். சேவியரின் தொட்டியைக் காட்டி, "யே தோ ஜங்லி ஹை" என்றார். காட்டுச் செடியாம்.

அது அடும்பு. மணப்பாட்டுக் கடற்கரையில் மணல்மேல் படரும் கொடி. போன வருடம் ஊரிலிருந்து ஈரத்துணியில் சுற்றிச் சாங்வி அடுக்ககத்துக்குக் கொண்டுவந்தார். கைப்பிடிச் சுவர்வரை ஓடியது. ஆட்டுக் குளம்பு போன்ற இலைகள், அடர்ந்து. பூ இல்லை.

அவர் எப்போதாவதுதான் தண்ணீர் விட்டார். மண் என்றும் ஈரமாக இருந்தது. ஒருநாள் கிளறி மோந்தார். புளித்த வாடை.

கீழே வந்து மனைவியிடம் கேட்டார்.

"பவுனு, தண்ணி ஊத்துனது நீயா?"

"பின்ன யாரு? நீங்க பட்டினி போடுதீய. அரிசி களைஞ்ச தண்ணி, மோர்ச்சட்டி கழுவுனது எல்லாம் ஊத்துதேன். நல்லாத்தான வளருது?"

"இலைல்லா வளருது. காஞ்சாத்தான் அது பூக்கும்."

"ஆமா, போடாமலே எடுக்கலாமாக்கும். பேங்க்ல எப்படித்தான் வேலை பாத்தீயளோ."

அன்றே மண்ணைக் கொட்டினார். தொட்டி முழுக்க வெறும் மணல் நிரப்பினார். பாதிக் கொடியை வெட்டினார். இலைகள் பழுத்து உதிர்ந்தன. பவுன் தினமும் வெறுங்கையோடு வந்து பார்த்துவிட்டுப் போனாள்.

"செத்துட்டு."

"இல்ல."

வேலை தொடங்கும் வாரத்தில் மொட்டு வந்தது. காலையில் விரிந்தது. ஆபீஸ் முடிந்து மாலையில்தான் கேஷவ் வந்தார். பூ அதற்குள் சுருண்டிருந்தது.

"ஃபூல் கஹாங் ஹை?" என்று கேட்டார். பூ எங்கேயாம். சேவியர் சுருண்டதைக் காட்டினார். நாளை ஆட்கள் வந்து தொட்டியை எடுப்பார்கள் என்றார் கேஷவ்.

விடிந்ததும் சேவியர் மாடிக்கு ஓடினார். இன்னொரு பூ. இளஞ்சிவப்பு, நடுவில் அடர்த்தி. அவர் வாயைத் திறக்குமுன் பவுன் படியிறங்கியிருந்தாள். திரும்பி வந்தபோது கேஷவ் பின்னால் வந்தார். ஒரு கன்னத்தில் சவர நுரை.

குனிந்து பார்த்தார்.

"ஏக் ஹி?" ஒன்றுதானா என்று கேட்டார்.

"ஒண்ணு இருக்குல்லா, பாவு" என்றாள் பவுன், அந்த ஊர் வழக்கப்படி அண்ணன் என்று விளித்து. பிறகு இந்தியில், "செக்ரட்டரி பி ஏக் ஹி ஹை." செயலாளரும் ஒருத்தர்தானே என்று.

கேஷவ் நுரையைத் துடைத்துக்கொண்டார். கேட் பக்கம், இன்றே, என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

"பாத்தியில கரிசல்மண்ணு" என்றார் சேவியர். "தோண்டி எடுத்துட்டு மணல் போடணும்."

"எவ்வளவு?"

"முழங்கால் ஆழம்."

பவுன் சேலையை இழுத்துச் செருகினாள்.

"மம்பட்டி யாருட்ட இருக்கு?"