நான் கையெழுத்திட்ட தாள்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. 1994 பிப்ரவரியில், மயிலாப்பூரில் ஒரு பள்ளி என் பேத்தி ஜோயாவைப் பற்றி ஒரு தாள் அனுப்பியது. ‘குழந்தைக்கு மொழி வரவில்லை. வீட்டில் இனி ஆங்கிலம் மட்டுமே பேசுவோம் என்று கையெழுத்திடவும். இல்லையேல் இன்னொரு வருடமும் யூகேஜிதான்.’

இந்த ஷரஃபுதீனின் வீட்டில் யாரும் ஒரே வகுப்பில் இரண்டு வருடம் உட்கார்ந்ததில்லை. கையெழுத்திட்டேன்.

2

‘தெப்பக்குளத்தின் மேல் மாலை வெயில்’ என்று தொடங்கி, அடித்துவிட்டேன். குளம் ஒரு குற்றமும் செய்யவில்லை.

குற்றம் எங்கள் சாப்பாட்டு விரிப்பில் நடந்தது. இந்த வீட்டில் இனி உருது கிடையாது என்று ஆணையிட்டேன். மருமகள் அஸ்மத்துன்னிசா கேட்டாள் (உருதுவில்தான், தமிழில் தருகிறேன்):

“மாமா, எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷே கம், ஈட், ஸ்லீப். இதை வெச்சுப் புள்ளகிட்ட என்ன பேசுறது?”

“அதையே பேசு.”

பேசினாள். ஓயாமல் கதை சொல்லிக்கொண்டிருந்த குழந்தை பத்தே நாளில் வாயை மூடிக்கொண்டது.

[இங்கே ‘அஸ்மத் அழுதாள்’ என்று எழுதியிருந்தேன். பொய். அவள் என் தட்டில் சோற்றை வைத்து, “ஈட்” என்றாள்.]

3

ஜோயாவின் வகுப்பு நீரஜா டீச்சரை நல்லவளாக எழுத எனக்கு மனமில்லை. என் பேத்திக்கு மொழி உண்டு என்று எனக்குக் காட்ட அவள் யார்? ஆனால் நடந்தது இதுதான். பள்ளிக்கு அழைத்தாள். ஜோயாவின் நோட்டில் ஒரு பூனைப் படம். அடியில் தமிழ் எழுத்தில்: பில்லி தூத் பீகே பாக் கயி. பூனை பாலைக் குடித்துவிட்டு ஓடிப்போயிற்று.

“எனக்கு உருது தெரியாது சார். அவ சொன்னா, காதுல விழுந்தபடி எழுதினேன். இப்போ அவளே விரல் வெச்சுப் படிக்கறா. தன் பேச்சுதான் எழுத்தாறதுன்னு புரிஞ்சுட்டா, இங்கிலீஷும் வரும். ஜோயா, தாத்தாவுக்குப் படிச்சுக் காட்டு.”

ஜோயா என்னைப் பார்த்தாள். நோட்டை மூடினாள்.

“வெளியில நின்னு கேளுங்கோ,” என்றாள் நீரஜா.

வராந்தாவில், குழந்தைகளின் செருப்புகளுக்கு நடுவே நின்று கேட்டேன். ஒரு சொல் பிசகவில்லை.

4

தலைமையாசிரியையிடம் தாளைத் திருப்பிக் கேட்டேன்.

“நீங்களே போட்ட கையெழுத்து சார்.”

“அதனாலதான் நானே கேக்குறேன்.”

“அப்போ ஜோயா யூகேஜியிலேயே இருக்க வேண்டியதுதான்.”

தாளை வாங்கிக்கொண்டு வந்தேன்.

முடிவு ஒன்று: அம்மையார் மனம் மாறி… (மாட்டார்.)

முடிவு இரண்டு: ஜூனில் என் பேத்தி மறுபடியும் அதே பெஞ்சில்…

எழுதக் கை வரவில்லை. எந்த வகுப்பு என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நான் சொல்லக்கூடியது அன்றைய மதியச் சாப்பாட்டை மட்டும். ஆணையிட்டவன்தான் அதை முதலில் மீற வேண்டும். அறுபத்தெட்டு வயதில், மருமகள் முன்னால், என் சொல்லை நானே விழுங்கினேன். பூனை எங்கே ஓடிப்போயிற்று என்று ஜோயாவிடம் உருதுவில் கேட்டேன்.

அவள் அம்மாவைப் பார்த்தாள். பிறகு சொன்னாள். சோறு ஆறும்வரை சொன்னாள்.

அதை இங்கே எழுத மாட்டேன். மொழி வரவில்லை என்று எழுதியவர்களும், இந்தக் கதைக்கு முடிவு கேட்கிறவர்களும் எங்கள் வீட்டுக்கு வரலாம். பூனை எங்கே போயிற்று என்று அவளிடமே கேட்கலாம். அவள் மொழியில்.